மே மாதத்தில் வெளுக்கும் விரல்கள்

சென்னையில் கத்திரி வெயில் நேரம். வெளியே 38 டிகிரி. சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பெண் உறைபெட்டிக்குள் கையை விட்டுப் பச்சைப் பட்டாணிப் பாக்கெட்டைத் துழாவுகிறார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நடுவிரலும் மோதிர விரலும் வெளுத்துப்போகின்றன. வெளுப்பு எங்கே முடிகிறது, மற்ற தோல் எங்கே தொடங்குகிறது என்று பேனாவால் கோடு போட்டுக் காட்டலாம், அத்தனை துல்லியம். விரல் மரத்துப்போகிறது. சற்று நேரத்தில் நீலம் ஏறுகிறது. வெளியே வந்து கையைத் தேய்த்தால் செக்கச் சிவந்து குத்தலும் எரிச்சலும் கிளம்புகின்றன. பதினைந்து இருபது நிமிடத்தில் விரல் பழையபடி ஆகிவிடுகிறது. நடந்ததற்குச் சாட்சியே இல்லை.

இந்த மூன்று நிற நாடகத்துக்கு ரேனோ நிகழ்வு என்று பெயர். 1862இல் பாரிஸில் மோரிஸ் ரேனோ என்ற இளம் மருத்துவர் பட்டத்துக்காக எழுதிய ஆய்வேட்டில் இதை விரிவாக விவரித்தார். அபூர்வமான நோய் என்று நினைத்துவிட வேண்டாம். நூறு பேரில் மூன்று முதல் ஐந்து பேருக்கு இது உண்டு என்பது பொதுவான கணக்கு. பெண்களிடம் அதிகம். பெரும்பாலானோருக்கு இதன் பின்னால் வேறு எந்த நோயும் கிடையாது. ‘எனக்குக் கை சீக்கிரம் சில்லிட்டுப்போகும்’ என்று சொல்லிக்கொண்டே வாழ்நாளை ஓட்டிவிடுகிறார்கள்.

ரத்தம் ஏன் விரலைக் கைவிடுகிறது? அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அங்கே அவ்வளவு ரத்தம் ஏன் போகிறது? விரலுக்குள் தசை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. அதை மடக்கி நீட்டும் தசைகளில் பெரும்பாலானவை முன்கையில் இருக்கின்றன. தசைநாண்கள் மட்டும் விரலுக்குள் ஓடுகின்றன. தசை இல்லாத உறுப்புக்கு உணவும் ஆக்சிஜனும் கொஞ்சம் போதும். ஆனாலும் கோடையில் தேவையைவிடப் பல மடங்கு ரத்தம் அங்கே பாய்கிறது. காரணம் வெப்பம். மெல்லியதாகவும் நீளமாகவும் இருக்கும் எதற்கும் எடையை ஒப்பிடும்போது பரப்பு அதிகம். உடலின் மிகுதிச் சூட்டைக் காற்றில் கொட்டுவதற்கு விரலைவிடத் தோதான இடம் கிடையாது.

கொட்டும் அளவைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். சாதாரண நேரத்தில் உடல் முழுவதன் தோலுக்கும் நிமிடத்துக்கு அரை லிட்டருக்குள்தான் ரத்தம் போகிறது. கடும் வெக்கையில் அது ஆறு முதல் எட்டு லிட்டர் வரை உயர்கிறது. வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனை மூன்று நிமிடத்தில் நிரப்பிவிடும் வேகம் இது. கடுங்குளிரில் இதே ஓட்டம் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது.

இவ்வளவு பெரிய ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்க விரல் நுனியில் ஒரு தனி ஏற்பாடு இருக்கிறது. வழக்கமாக ரத்தம் தமனியிலிருந்து தந்துகி எனப்படும் நுண்குழாய்களுக்குள் புகுந்து, அங்கிருந்து சிரைக்குப் போகும். விரல் நுனி, உள்ளங்கை, உள்ளங்கால், காது, மூக்கு ஆகிய இடங்களில் மட்டும் தந்துகியைத் தொடாமல் தமனியிலிருந்து நேரே சிரைக்குப் போகும் குறுக்குவழிக் குழாய்களும் உண்டு. 1931இல் வெளியான ஓர் ஆய்வு, நகத்தடியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குள் சுமார் 500 குறுக்குவழிகளை எண்ணியது. இவற்றின் வேலை சூடான ரத்தத்தைத் தோலுக்கு அருகே கொண்டுவந்து ஆறவைப்பது மட்டுமே. இவற்றின் சுவரில் தடித்த தசையும் ஏராளமான நரம்புகளும் உள்ளன. மூளை கட்டளையிட்டால் முழுவதும் திறக்கும், முழுவதும் மூடும்.

குழாய் கொஞ்சம் சுருங்கினாலே போதும் என்பது இதிலுள்ள இயற்பியல். ஒரு குழாயில் பாயும் அளவு அதன் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்று பிரெஞ்சு மருத்துவர் ழான் புவாசே 1840களில் கண்ணாடிக் குழாய்களை வைத்து அளந்து காட்டினார். ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாகாது, பதினாறில் ஒரு பங்காகும். மூன்றில் ஒரு பங்கானால் எண்பத்தொன்றில் ஒன்று. ஆகவே சுவரிலுள்ள தசை சற்றே முறுக்கிக்கொண்டாலும் விரல் வெளுத்துவிடும். பிறகு வரும் நீலம், உள்ளே தேங்கிய ரத்தம் ஆக்சிஜனை இழந்ததன் அடையாளம். கடைசியாக வரும் சிவப்பு, மூடிய வழிகள் ஒரே நேரத்தில் திறந்துகொண்டதன் அடையாளம்.

குளிரில் எல்லோருடைய விரலும் சுருங்கத்தான் செய்யும். நடு உடலை 37 டிகிரியில் காப்பாற்ற விரலை விட்டுக்கொடுப்பது நல்ல பேரம்தான். ரேனோ உள்ளவர்களிடம் இந்தப் பேரம் தேவையில்லாத நேரத்தில், தேவைக்கு மேல் நடந்துவிடுகிறது. பிசகு எங்கே? நரம்பில் என்றார் ரேனோ. அவசர காலத்தில் உடலை உஷார்ப்படுத்தும் பரிவு நரம்பு மண்டலம் மிகையாகத் துடிக்கிறது என்பது அவர் கருத்து. லண்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ் இதை ஏற்கவில்லை. 1920களின் இறுதியில் அவர் நோயாளிகளின் விரலுக்குப் போகும் நரம்பை மருந்தால் மரக்கச் செய்துவிட்டு விரலைக் குளிர்வித்துப் பார்த்தார். நரம்பு செயலிழந்த நிலையிலும் குழாய் சுருங்கியது. கோளாறு குழாயிலேயே இருக்கிறது என்று முடிவுகட்டினார். அந்தக் காலத்து அறுவை மருத்துவர்கள் பரிவு நரம்பையே வெட்டிப் பார்த்தார்கள். கைகளில் கிடைத்த குணம் பலருக்கு நீடிக்கவில்லை. லூயிஸ் ஜெயித்ததாகத்தான் தோன்றியது.

ஏழு பத்தாண்டு கழித்துக் கிடைத்த விடை இருவரையும் ஒருசேர நியாயப்படுத்தியது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். நரம்பு முனையிலிருந்து நார்அட்ரீனலின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. குழாயின் தசைச் செல்மேல் இருக்கும் ஏற்பிகள் அதைப் பிடித்துக்கொள்ளும்போது தசை சுருங்குகிறது. ஏற்பி என்பது குறிப்பிட்ட வேதிச் செய்தியை மட்டும் வாங்கிக்கொள்ளும் புரதம். அவற்றில் ஆல்ஃபா-2சி என்று ஒரு வகை. உடல் சூட்டில் அது செல்லின் மேற்பரப்பில் பெரும்பாலும் இருப்பதில்லை. செல்லுக்குள், புரதங்களைப் பதப்படுத்தும் கோல்கை உறுப்பில் பதுங்கியிருக்கிறது. செல்லைச் சுமார் 28 டிகிரிக்குக் குளிர்வித்தால் அது கிளம்பி மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது. அமெரிக்காவின் ஒஹாயோவில் நிக்கலஸ் ஃபிளாவஹனும் சக ஆய்வாளர்களும் 2001இல் இதை வெளியிட்டார்கள். நரம்பு அனுப்பும் செய்தி அதேதான். வாங்கும் காதுகளின் எண்ணிக்கை குளிரில் கூடிவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் இந்த ஏற்பியின் உற்பத்தியை ஏற்றுவதாகவும் பிறகு தெரியவந்தது. பெண்களிடம் ரேனோ ஏன் அதிகம் என்பதற்கு இது ஒரு துப்பு.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது மரபியல் இன்னொரு திருப்பம் தந்தது. பிரிட்டனில் சுமார் 4,44,000 பேரின் மரபுத் தகவல்களை ஆராய்ந்த குழு 2023இல் முடிவை வெளியிட்டது. அவர்களில் 5,100க்கு மேற்பட்டோருக்கு ரேனோ இருந்தது. மரபுத் தடயம் சுட்டியது ஆல்ஃபா-2சியை அல்ல. அதன் உடன்பிறப்பான ஆல்ஃபா-2ஏ ஏற்பியை. இரண்டும் சேர்ந்து எப்படி வேலை செய்கின்றன என்பதுதான் அடுத்த வேட்டை.

சரி, வெப்பமான ஊருக்குக் குடிபோனால் தீர்ந்துவிடுமா? ஊர் முக்கியம்தான். ஆல்ப்ஸ் மலையில் உள்ள பிரான்ஸின் தாரந்தேஸ் பள்ளத்தாக்கையும் அமெரிக்காவின் வெதுவெதுப்பான கடற்கரை நகரமான சார்ல்ஸ்டனையும் 1990களில் ஒரே முறையில் ஒப்பிட்டார்கள். மலைப் பள்ளத்தாக்கில் ரேனோ பல மடங்கு அதிகம். யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ ஒருமுறைகூட வெளுக்காத விரல், டொராண்டோவின் முதல் ஜனவரியில் வெளுக்கலாம்.

ஆனால் விரல் வெப்பமானியை மட்டும் படிப்பதில்லை, சரிவையும் படிக்கிறது. 20 டிகிரி வீட்டிலிருந்து 5 டிகிரி தெருவில் இறங்கும் லண்டன்வாசிக்கு இறக்கம் 15 டிகிரி. 38 டிகிரி வெயிலிலிருந்து 22 டிகிரி ஏசி அலுவலகத்துக்குள் நுழையும் சென்னைவாசிக்கு 16. லண்டன்வாசி கோட்டும் கையுறையும் போட்டிருப்பார். சென்னைவாசி வியர்வையில் நனைந்த சட்டையோடு வருவார். நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். போதாததற்கு, ஆவியாகும்போது இன்னும் கொஞ்சம் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். எங்கள் ஊரில் குளிரே கிடையாது, இந்த நோய் எப்படி வரும் என்று கேட்பவர்கள் தங்கள் தலைக்கு மேல் ஓடும் ஏசியை மறந்துவிடுகிறார்கள்.

நம் ஊரில் இது கண்ணில் படாமல் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மருத்துவ நூல்களில் அச்சாகும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலுடையவை. மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் வெளுப்பு அப்படிப் பளிச்சென்று தெரியாது, சாம்பல் பூத்த மாதிரிதான் தோன்றும். விரலின் மேற்புறத்தை விட்டுவிட்டு நகத்தடியையும் உள்ளங்கைப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். கோவிட் காலத்தில் வீடுதோறும் வாங்கிய ஆக்சிமீட்டரும் இங்கே ஏமாற்றும். விரலில் துடிக்கும் ரத்தத்தின் ஊடாக ஒளியைச் செலுத்தி அளக்கும் கருவி அது. துடிப்பே இல்லாத விரலில் எண் வராது, அல்லது பயமுறுத்தும் எண் வரும். நுரையீரலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

குளிர் இல்லாமலே இந்தக் குழாய்களைக் கெடுக்க முடியும் என்பதை 1918இல் மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் பதிவு செய்தார். அமெரிக்காவின் இண்டியானாவில், காற்றழுத்தச் சுத்தியலால் சுண்ணாம்புக்கல் செதுக்கிய தொழிலாளர்களை அவர் ஆராய்ந்தார். உளியை அணைத்துப் பிடித்த இடக்கை விரல்கள் அதிகம் வெளுத்திருந்தன. பழுதாக்கியது அதிர்வு, அதை வெளியே காட்டியது குளிர். கல் அறுப்பவர்களும் சாலையில் ட்ரில் பிடிப்பவர்களும் விரல் மரத்துப்போவதை வேலைக் களைப்பு என்று தள்ளிவிடக் கூடாது.

கைக்குக் கையுறை போடுவதுதான் முதலில் தோன்றும் தீர்வு. ஆனால் கையுறை சூட்டை உண்டாக்காது, இருப்பதைக் காப்பாற்ற மட்டுமே செய்யும். வெளுத்த பிறகு போட்டால் குளிரைத்தான் பொதிந்து வைக்கும். டொராண்டோவில் கனடாவின் பாதுகாப்புத் துறை ஆய்வாளர்கள் ஒரு விசித்திரமான சோதனை செய்தார்கள். மைனஸ் 25 டிகிரி அறையில் ஆரோக்கியமான ஆட்களை மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். மின்சாரத்தால் சூடாகும் உள்சட்டை மார்பில், கைகளிலோ ஒன்றுமில்லை. வெறுங்கை விரல்கள் வேலை செய்யும் அளவுக்குச் சூடாகவே இருந்தன! நடு உடலுக்கு மிகுதிச் சூடு கிடைத்ததும், அதைக் கொட்டுவதற்காக மூளை விரல்களின் குறுக்குவழிகளைத் திறந்துவிட்டது. ஏசி அறையில் ஸ்வெட்டர் போட்டால் விரலுக்கு இதமாவது இதனால்தான்.

இதைவிட விசித்திரமானது அமெரிக்க ராணுவ ஆய்வாளர்களின் 1982 வெளியீடு. ரேனோ நோயாளிகளை 0 டிகிரி அறையில் உட்கார வைத்து, கைகளை மட்டும் 43 டிகிரி வெந்நீரில் முக்கச் சொன்னார்கள். சில வாரங்கள் திரும்பத் திரும்ப இதையே செய்தார்கள். உடல் குளிர்வதையும் விரல்களின் குழாய் விரிவதையும் நரம்பு மண்டலம் முடிச்சுப் போட்டுவிட்டது. பிறகு வெந்நீர் இல்லாமல் குளிர் அறையில் உட்கார்ந்தபோதும் அவர்களுடைய விரல்கள் முன்பைவிடச் சராசரியாக இரண்டு டிகிரிக்கு மேல் சூடாக இருந்தன. மணியடித்தால் நாய்க்கு எச்சில் ஊறச் செய்த பாவ்லோவின் உத்தி ரத்தக்குழாயிடமும் பலித்துவிட்டது.

தினசரி வாழ்க்கைக்கு இவ்வளவு சாமர்த்தியம் வேண்டியதில்லை. புகையிலை இந்தக் குழாய்களைச் சுருக்கும், விட்டுவிடுவது நல்லது. மூக்கடைப்புக்கான சில மாத்திரைகளும், ஒற்றைத் தலைவலிக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தரும் சில மருந்துகளும் இதை மோசமாக்கலாம். எதையும் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தொல்லை அதிகமானால், தசைச் செல்லுக்குள் கால்சியம் நுழைவதைத் தடுத்துக் குழாயைத் தளர்த்தும் நிஃபெடிபின் போன்ற மருந்துகள் இருக்கின்றன.

ஒரு சிறுபான்மையினருக்கு ரேனோ, தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுகச் செய்யும் ஸ்கிளீரோடெர்மா, உடலின் நோயெதிர்ப்பே உடலைத் தாக்கும் லூபஸ் போன்ற நோய்களின் முதல் அறிகுறி. பல ஆண்டு முன்னதாகவே எச்சரிக்கை தந்துவிடும். நகத்தின் அடிப்பகுதித் தோலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு நுண்ணோக்கியால் பார்த்தால் தந்துகிகளின் வளைவுகள் தெரியும். அவை வரிசையாக இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. வீங்கியோ இடையிடையே காணாமலோ போயிருந்தால் மேற்கொண்டு சோதனை தேவை. முப்பது வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கினாலும், ஒரு கையில் மட்டும் வந்தாலும், விரல் நுனியில் புண் கண்டாலும் தாமதிக்காமல் மூட்டு, வாத நோய் மருத்துவரைப் பாருங்கள். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் விரல் பழைய நிறத்துக்கு வந்துவிடும். ஆகவே வெளுத்திருக்கும்போதே செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.