பாவனையாளரும் வடிவமைப்பும்: ரோபோப் புறவன்கூடு ஓர் உதாரணம்

நண்டு, இறால் போன்ற விலங்குகளின் உடலை மூடியுள்ள கடினமான ஓடு புறவன்கூடு எனப்படும் என்பதை விஞ்ஞான பாடத்தில் கற்றுள்ளீர்கள். மட்டக்களப்பு வாவியில் பிடிபடும் நண்டொன்றை உற்று நோக்குங்கள். அதன் ஓடு ஒவ்வொரு மூட்டிலும் அளவாகப் பொருந்தியிருக்கும். அவ்வோடு நண்டின் உடலாலேயே உருவாக்கப்படுவதே இதற்குக் காரணம். உடல் வளர்ந்து ஓடு போதாமற் போகும்போது நண்டு அதனைக் கழற்றிவிட்டுப் புதிய ஓட்டைப் பெறுகின்றது.

மனிதருக்கான புறவன்கூட்டையோ வேறொருவர் செய்து கொடுக்க வேண்டியுள்ளது. எனவே, அணிபவரைக் கேட்காமல் அது பொருந்துமா என்ற வினா எழுகின்றது. இக்கட்டுரை அதனையே ஆராய்கின்றது.

1. ரோபோப் புறவன்கூடு என்றால் என்ன?

உடலின் வெளிப்புறத்தே அணிந்துகொண்டு, கை அல்லது கால்களின் அசைவுக்கு வலுவூட்டும் இயந்திரமே ரோபோப் புறவன்கூடு ஆகும். இதன் பிரதான பகுதிகள் வருமாறு:

• சட்டகம் – பாரத்தைத் தாங்கும்.
• மோட்டர்கள் – இடுப்பு, முழங்கால் முதலிய மூட்டுகளை இயக்கும்.
• உணரிகள் – உடலின் சாய்வு, அசைவு என்பவற்றை அறியும்.
• கணினி – உணரிகளின் தகவலுக்கேற்ப மோட்டர்களுக்குக் கட்டளையிடும்.
• பற்றரி – மின்சக்தியை வழங்கும்.
• பட்டிகள் – இயந்திரத்தை உடலுடன் இணைக்கும்.

முண்ணாண் பாதிப்பினால் கால்கள் இயங்காதவர்கள் நிற்கவும் நடக்கவும், பாரிசவாதத்தால் பாதிக்கப்பட்டோர் பயிற்சி பெறவும், பாரம் தூக்கும் தொழிலாளரின் முதுகுச் சுமையைக் குறைக்கவும் இவை உதவுகின்றன.

2. பாவனையாளரின் பங்கு ஏன் அவசியம்?

இயந்திரத்தின் மூட்டும் மனித மூட்டும் ஒரே இடத்தில் அமையாவிடின் பட்டிகள் தோலில் உராயும். முண்ணாண் பாதிப்புற்றவரின் கால்களில் உணர்ச்சி இல்லாதிருக்கலாம். அவ்வாறாயின் அவர் வலியை உணரமாட்டார். புண் ஏற்பட்ட பின்னரே பாதிப்புத் தெரியவரும். ஆகவே அணிபவரின் அனுபவத்தைக் கேட்டறிதல் வெறும் மரியாதைக்குரிய செயல் மட்டுமன்று, அவரது பாதுகாப்புக்கும் அத்தியாவசியமானது.

மேலும், ஆய்வுகூடத்தில் நன்கு இயங்கும் சாதனம் வீட்டில் பயனற்றுப் போகலாம். தனியே அணிய முடியுமா, மலசலகூடத்துக்குச் செல்லும்போது என்ன செய்வது, இயந்திரம் இடைநடுவில் நின்றால் எவ்வாறு அமர்வது போன்ற வினாக்கள் அதனை நாள்தோறும் பயன்படுத்துபவருக்கே முதலில் தோன்றும்.

3. அனுபவங்கள் கற்பிக்கும் பாடங்கள்

(அ) ஜெய்ப்பூர் கால்

இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரில் 1968ஆம் ஆண்டளவில் எலும்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் இணைந்து இச்செயற்கைக் காலை உருவாக்கினர். அதற்கு முன் வழங்கப்பட்ட மேலைநாட்டுச் செயற்கைப் பாதம் சப்பாத்தினுள் அணிவதற்கென அமைந்தது. நம் நாட்டவரைப் போலவே அம்மக்களும் வெறுங்காலுடன் நடந்தனர், குந்தியிருந்தனர், சம்மணமிட்டனர், சேற்று வயலில் இறங்கினர். அப்பாதம் இவற்றுக்கு இடமளிக்கவில்லை. ஆகவே பலர் அதனை ஒதுக்கிவிட்டனர். இக்குறையை உணர்ந்த பின்னரே, வல்கனைசுப்படுத்திய இறப்பரைக் கொண்டு, வளையக்கூடிய, நீர் புகாத பாதம் செய்யப்பட்டது. யாழ்ப்பாணத்தில் 1987இல் ஆரம்பிக்கப்பட்ட ஜெய்ப்பூர் நிலையத்தினூடாக இத்தொழினுட்பம் போரினால் கால் இழந்த பலரையும் சென்றடைந்தது.

பாடம்: பாவனையாளரின் வாழ்க்கை முறையும் ஒரு வடிவமைப்புத் தரவாகும்.

(ஆ) ரீவோக்

இஸ்ரேலியப் பொறியியலாளர் அமித் கோஃபர் 1997இல் நேர்ந்த விபத்தொன்றில் கைகால்களின் இயக்கத்தை இழந்தார். சக்கர நாற்காலி வாழ்க்கையைத் தாமே அனுபவித்த அவர், ‘ரீவோக்’ எனும் புறவன்கூட்டை உருவாக்கினார். 2014இல் ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் அதனை வீட்டிலும் வெளியிலும் பாவிக்க அனுமதித்தது. எனினும் அதனை அணிபவர் கைகளால் ஊன்றுகோல்களைப் பிடித்துச் சமநிலை பேண வேண்டும். ஆகவே கோஃபரால் தமது கண்டுபிடிப்பைத் தாமே பாவிக்க இயலவில்லை. பின்னர், தம்மைப் போன்றோருக்காக, நிமிர்ந்து நின்றவாறு செல்லத்தக்க வேறொரு சக்கர சாதனத்தை அவர் வடிவமைத்தார்.

பாடம்: ஒரு பாவனையாளர் எல்லாப் பாவனையாளர்களுக்கும் பிரதிநிதியாகமாட்டார். பலவகைப்பட்டோரைக் கேட்டறிதல் வேண்டும்.

(இ) சைபத்லோன்

சூரிச் நகரிலுள்ள சுவிஸ் கூட்டாட்சித் தொழினுட்ப நிறுவனம் 2016இல் ‘சைபத்லோன்’ எனும் போட்டியை நடத்தியது. இதில் மாற்றுத்திறனாளி ஒருவரும் பொறியியலாளர்களும் ஒரே அணியாகப் பங்குபற்றுவர். இருக்கையிலிருந்து எழுதல், படியேறுதல் போன்ற அன்றாடச் செயல்களே போட்டிகளாகும். 2024இல் புறவன்கூட்டுப் பிரிவில் தென்கொரிய அணி வென்றது. அதன் இயந்திரம் சக்கர நாற்காலியில் இருப்பவரை நோக்கித் தானே நடந்து வரும். அவர் இருந்த இடத்திலேயே அதனை அணிந்துகொள்ளலாம்.

பாடம்: ‘யார் எனக்கு அணிவித்துவிடுவார்?’ என்ற பாவனையாளரின் கவலையும் புதிய வடிவமைப்புக்கு வழிவகுக்கும்.

(ஈ) இலங்கை

மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ருவன் கோபுர, ஜப்பானின் சாகா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த காலத்தில், தோள் முதல் மணிக்கட்டு வரை ஏழு வகை அசைவுகளுக்கு உதவும் கைப் புறவன்கூடு ஒன்றின் உருவாக்கத்தில் பங்கேற்றார். அதன் விபரம் 2009இல் வெளியிடப்பட்டது. தசைகளில் தோன்றும் மின் சைகைகளைக் கொண்டு அது இயங்கும். இச்சைகைகள் ஆளுக்கு ஆள் வேறுபடும். தசை களைப்படைந்தாலும் மாறும். எனவே இத்தகைய இயந்திரத்தை ஒவ்வொரு பாவனையாளருக்கும் ஏற்பச் சீர்செய்தல் அவசியமாகும்.

4. பாவனையாளரை எக்கட்டங்களில் ஈடுபடுத்தலாம்?

1. பிரச்சினையை இனங்காணல் – வீட்டுக்குச் சென்று அன்றாடச் செயல்களை அவதானித்தல்.
2. தேவைகளைப் பட்டியலிடல் – எது அவசியம், எது விருப்பம் எனப் பாவனையாளருடன் சேர்ந்து வகுத்தல்.
3. மாதிரியைச் சோதித்தல் – அவரது சம்மதத்துடன் அணிவித்தல். ‘நிறுத்துங்கள்’ என்றவுடன் நிறுத்துதல்.
4. திருத்தமும் மதிப்பீடும் – குறைகளைத் திருத்தி, சில வாரங்கள் வீட்டில் பாவித்த பின் மீண்டும் கருத்தறிதல்.

குடும்பத்தவர், பராமரிப்பாளர், வைத்தியர் ஆகியோரின் கருத்துகளும் தேவையே. எனினும் அவை அணிபவரின் கருத்துக்கு ஈடாகா.

5. மாதிரி வினாவும் விடையும்

வினா: கடலுக்கும் வாவிக்கும் இடையில் அமைந்த செட்டிபாளையத்தில் வசிக்கும், கால்கள் இயங்காத ஒருவருக்கு நடப்பதற்கான புறவன்கூடு ஒன்றை வடிவமைக்கும் குழுவில் நீர் இடம்பெறுகின்றீர் எனக் கொள்க. அவரிடம் வினவ வேண்டிய நான்கு வினாக்களை எழுதி, ஒவ்வொன்றும் வடிவமைப்பில் ஏற்படுத்தும் மாற்றத்தைக் குறிப்பிடுக.

விடை:

(i) எவ்வகை நிலத்தில் நடப்பீர்கள்? – மணல் ஒழுங்கையாயின் புதையாத அகன்ற அடிப்பாகம் தேவை.
(ii) கோயிலுக்குச் செல்வீர்களா? நிலத்தில் அமர்வீர்களா? – பாதப் பகுதி எளிதாகக் கழற்றத்தக்கதாகவும் முழங்கால் போதியளவு மடியத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும்.
(iii) சாரம் அல்லது சேலை அணிவீர்களா? – உடை மூட்டுகளில் சிக்காதவாறு உறையிடல் வேண்டும்.
(iv) எவ்வளவு நேரம் வெளியில் இருப்பீர்கள்? – பற்றரியின் கொள்ளளவு தீர்மானிக்கப்படும். உப்புக் காற்றுப் படுவதால் துருப்பிடிக்காத உலோகமும் அவசியம்.

கவனிக்க: ‘பாவனையாளரின் கருத்தைக் கேட்க வேண்டும்’ என்று மட்டும் எழுதுவது முழுமையான விடையாகாது. யாரிடம், எக்கட்டத்தில், எதனைக் கேட்பது, அதனால் வடிவமைப்பில் என்ன மாறும் என்பவற்றையும் எழுதுக. கேட்ட கருத்தினால் வடிவமைப்பில் எந்த மாற்றமும் நிகழவில்லையெனில், பாவனையாளர் உண்மையில் ஈடுபடுத்தப்படவில்லை என்பதே பொருளாகும்.