சான்டே விதி

சான்டே விதி என்பது கால்நடைகளுக்கு ஊடுகதிர்ப் படம் எடுக்கும்போது, கதிர்க்குழாய்க்குத் தர வேண்டிய உச்ச மின்னழுத்தத்தைத் தோராயமாகக் கணக்கிட உதவும் எளிய விதியாகும். பூனையின் வயிறும் பெரிய நாயின் வயிறும் தடிமனில் வேறுபடுவதால், ஒரே அமைப்பு எல்லா விலங்குகளுக்கும் பொருந்தாது.

கணக்கிடும் முறை

படமெடுக்கும் பகுதியின் தடித்த இடத்தைக் கேலிப்பரால் அளக்க வேண்டும். பின்னர்,

மின்னழுத்தம் (கிலோவோல்ட்) = (2 × தடிமன், செ.மீ.) + குழாய்க்கும் படத்தகட்டுக்கும் இடையிலுள்ள தொலைவு (அங்குலம்)

தொலைவு பொதுவாக 40 அங்குலம். எடுத்துக்காட்டாக, ஒரு நாயின் வயிறு 14 செ.மீ. தடிமன் எனில், (2 × 14) + 40 = 68 கிலோவோல்ட். சிதறல் கதிர்களைத் தடுக்கும் கிரிட் பயன்படுத்தினால் இதைவிடக் கூடுதல் கதிர் தேவைப்படும்.

கதிரின் அளவு

மின்னழுத்தம் கதிரின் ஊடுருவும் திறனைத் தீர்மானிக்கிறது. கதிரின் அளவை மின்னோட்டத்தையும் நேரத்தையும் பெருக்கி அறியலாம். 100 மில்லி ஆம்பியர், 1/10 நொடி எனில் 10 மில்லி ஆம்பியர்-நொடி. 200 மில்லி ஆம்பியர், 1/20 நொடி என்றாலும் அதே 10 தான். விலங்கிடம் மூச்சை அடக்கச் சொல்ல முடியாது. ஆகவே நேரம் குறைந்த இரண்டாவது அமைப்பே சிறந்தது. மின்னழுத்தத்தை ஏறத்தாழ 15% கூட்டி 78 ஆக்கினால், 5 மில்லி ஆம்பியர்-நொடியே போதும். நேரம் 1/40 நொடியாகக் குறையும். ஆனால் படத்தில் கருமை வெண்மை வேறுபாடு சற்று மங்கும்.

முக்கியத்துவம்

கணக்குத் தவறினால் படத்தை மீண்டும் எடுக்க நேரும். ஒவ்வொரு முறையும் விலங்கும், அதைப் பிடித்திருப்பவரும் கதிருக்கு உள்ளாகின்றனர். எனவே இயன்றவரை மயக்க மருந்தோ மணல் மூட்டையோ கொண்டு விலங்கை நிலைநிறுத்துவர். ஈயக் கையுறை அணிந்திருந்தாலும் கையை நேர்க்கதிரில் வைக்கக் கூடாது.