தண்ணீர் வந்தது, தவளை வரவில்லை

பெருமழை பிடித்த இரவில் மன்னார்குடிச் சுற்றுவட்ட வயல்களில் தவளைச் சத்தம் காதை அடைக்கும். விடிந்ததும் வரப்போரம் பார்த்தால், ஆண் தவளைகள் எலுமிச்சை மஞ்சளாக மாறி, தாடையின் இருபுறமும் நீலப் பைகளை ஊதிக்கொண்டிருக்கும். இணை சேரும் காலத்துக்கு மட்டுமான நிறம் அது. இந்தியக் காளைத்தவளை எனப்படும் இந்த இனத்தைப் பாகிஸ்தான் வயல்களிலும் காணலாம், வங்கதேசக் குட்டைகளிலும் காணலாம்.

இதே வயலுக்குப் பாயும் தண்ணீரின் தடத்தைப் பிடித்து மேலே போனால் கதை மாறுகிறது. பாமணியாறு நீடாமங்கலம் அருகே வெண்ணாற்றில் பிரிகிறது, வெண்ணாற்றுக்குக் காவிரி. காவிரிக்குக் குடகிலிருந்து தலைக்காவிரி நீர், வயநாட்டிலிருந்து கபினி, நீலகிரியிலிருந்து பவானி, ஆனைமலைப் பக்கமிருந்து அமராவதி. நான்கும் மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறப்பவை. ஆனால் அங்கே ஒரு மலையில் கேட்கும் தவளைக் குரல் பல நேரம் அடுத்த மலையில் கேட்பதில்லை. தண்ணீரெல்லாம் ஒன்றாகிக் கடைமடைக்கு வந்து சேர்கிறது. மழைக்காட்டுத் தவளைகள் மட்டும் மலையை விட்டு இறங்கவில்லை. அவற்றைப் பிரித்து வைத்தது நிலம்.

கண்டம் உடைந்தபோது

முதல் பிரிவினை மலைகளுக்கும் மூத்தது. இந்தியா ஒருகாலத்தில் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், அண்டார்டிகாவோடு ஒட்டியிருந்த கோண்ட்வானாவின் துண்டு. ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரைப் பிரிந்தது. பின்னர் செஷல்ஸையும் விட்டுவிட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவில் மோதியது.

இதற்குச் சாட்சியாகக் கேரளப் பக்கத்து மலை மண்ணுக்குள் ஒரு தவளை இருக்கிறது: ஊதாத் தவளை. உப்பிய உடல், கூர்மூக்கு, ஊதா நிறம். ஆண்டின் பெரும்பகுதியை நிலத்தடியில் கறையான் தின்று கழித்து, மழைக்காலத்தில் சில நாட்கள் மட்டும் இணை சேர வெளியே வரும். எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்கி போசுய்ட்டும் 2003இல் ‘நேச்சர்’ இதழில் இதை அறிவியலுக்கு அறிமுகம் செய்தார்கள். மரபணுவை ஆராய்ந்ததில், இதன் நெருங்கிய உறவினர்கள் ஏறத்தாழ 2,800 கிலோமீட்டருக்கு அப்பால் செஷல்ஸ் தீவுகளில் வாழும் குட்டித் தவளைகள் என்று தெரிந்தது. இரண்டின் பாதையும் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துவிட்டதாக மதிப்பிடப்படுகிறது.

இந்தக் கிளையின் இன்னொரு இனம் 2017இல் ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய கிழக்குச் சரிவிலிருந்து விவரிக்கப்பட்டது. கோவை சலீம் அலி மையத்தில் பணியாற்றி, 2014இல் களப்பணியின்போது இறந்த ஊர்வன ஆய்வாளர் எஸ். பூபதியின் பெயரை அது தாங்குகிறது. கேரளப் பக்கத்து ஊதாத் தவளை தென்மேற்குப் பருவமழையில் இணை சேர்கிறது. கிழக்குச் சரிவில் இருப்பதோ வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கிறது. குறுவைக்கும் சம்பாவுக்கும் வெவ்வேறு மழையை நம்பும் டெல்டாக்காரர்களுக்கு இந்த வேறுபாட்டின் கனம் புரியும்.

மலையே தீவாக

இரண்டாவது பிரிவினையைச் செய்தவை கணவாய்கள். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. தெற்கே செங்கோட்டைக் கணவாய். பேருந்துக்கு அரைமணி நேரப் பயணம். ஈரத் தோலால் மூச்சுவிடும் விரல்நுனி அளவு தவளைக்கு அந்த வெயிலும் வறட்சியும் கடலுக்குச் சமம்.

ராவோர்கெஸ்டஸ் என்ற புதர்த்தவளைப் பேரினத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. மிகப் பெரும்பாலானவை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே உரியவை. இவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவம் கிடையாது. முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளையே வெளிவரும். அதனால் குளமும் ஓடையும் தேவையில்லை. ஈர இலையும் மூடுபனியும் போதும். களக்காடு முண்டந்துறையில் ஓர் இனம் மூங்கிலின் கணுவிடைக்குள் முட்டையிடுவதைக் கே.எஸ். சேஷாத்ரி குழுவினர் பதிவு செய்தார்கள். குளத்திலிருந்து கிடைத்த இந்த விடுதலைதான் அவற்றை மலையுச்சிவரை ஏற்றியது. ஈரத்தின் மீதான அதே சார்பு அவற்றை அங்கேயே கட்டியும் போட்டது.

எஸ்.பி. விஜயகுமார், கார்த்திக் சங்கர் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வு, இந்தப் புதர்த்தவளைகள் கிளைத்ததில் கணவாய்களோடு மலையின் உயர வேறுபாட்டுக்கும் பனியுகத் தட்பவெப்பத்துக்கும் பங்கு உண்டு என்று காட்டியது. காலநிலை வறண்டபோது ஈரக்காடு சுருங்கி உச்சிகளில் ஒதுங்கும்; ஈரம் திரும்பும்போது கீழே பரவும். ஒதுங்கிய காலங்களில் பிரிந்த கூட்டங்கள் தனித்தனி இனங்களாக விலகும்.

ஆனைமுடி உச்சியை ஒட்டி, 2010இல் விவரிக்கப்பட்ட செம்மஞ்சள் புதர்த்தவளை வாழ்கிறது. கபினி பிறக்கும் வயநாட்டின் குறிச்சியர்மலையில், உடலெங்கும் நட்சத்திரப் புள்ளிகளோடு ஒரு குட்டித் தவளை 2019இல் பெயர் பெற்றது. அதன் மரபுக்கிளை பல கோடி ஆண்டுகளாகத் தனியே வந்தது.

நிலம் இணைந்தும் சேரவில்லை

டெல்டாவுக்கு இந்தப் பழமை இல்லை. நாம் உழும் வண்டலின் மேற்பரப்பு கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் படிந்தது. தடுக்க மேடு இல்லை, வெள்ளம் எல்லா வாய்க்காலையும் இணைத்துவிடும். அதனால்தான் ஒரே இனம் இவ்வளவு தூரம் பரவ முடிகிறது.

ஆனால் நிலம் இணைந்தாலும் எல்லா உயிரும் சேர்வதில்லை என்று முத்துப்பேட்டைக்கு அப்பால் பாக் நீரிணை சொல்கிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தபோது இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். தேரை இரு கரையிலும் இருக்கிறது. ஆனால் மழைக்காட்டு உயிர்களைப் பொறுத்தவரை, இரு பக்கமும் பெரும்பாலும் தனித்தனியாகவே கிளைத்தன என்று போசுய்ட் குழுவினர் 2004இல் ‘சயின்ஸ்’ இதழில் காட்டினார்கள். இணைத்த நிலம் வறண்ட நிலமாக இருந்ததே முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

இதில் பாதுகாப்புக்கான பாடம் உண்டு. காளைத்தவளையைக் கால்களுக்காகப் பிடித்து ஏற்றுமதி செய்தோம். 1987இல் இந்தியா தடை விதித்தது. ஒரு வயலில் குறைந்தாலும் அடுத்த வயலிலிருந்து வர அதற்கு வழி இருந்தது. ஒற்றை மலையை நம்பிய இனத்துக்கு அந்த வசதி இல்லை. வெப்பம் கூடினால் மேலே ஏறலாம், உச்சிக்கு மேல் மலை கிடையாது. எத்தனை ஹெக்டேர் காடு மிச்சம் என்ற கணக்கு இங்கே உதவாது. எந்தெந்த மலையில் காடு மிச்சம் என்பதே கேள்வி. ஒரு சோலைக்காட்டை அழித்துவிட்டு அடுத்த மலையில் மரம் நட்டால் பச்சைப் பரப்பு சரியாகலாம். போன தவளைக்கு அது ஈடாகாது.