மணிக்கட்டு நரம்பு அறுவை சிகிச்சையும் மரவேலையும்: பட்டறைக்கு எப்போது திரும்பலாம்?

பணி ஓய்வுக்குப் பின்னரோ விடுமுறை நாட்களிலோ வீட்டின் ஓர் ஓரத்தில் சிறு பட்டறை அமைத்து, நாற்காலி, அலமாரி, பூசைப்பலகை எனச் செய்து மகிழ்பவர்கள் பலர். இத்தகையோருக்குக் கை விரல்கள் மரத்துப்போய், மணிக்கட்டில் அறுவை சிகிச்சை தேவை என்று மருத்துவர் கூறும்போது எழும் முதல் கேள்வி பெரும்பாலும் வலியைப் பற்றியதாக இருப்பதில்லை; "மீண்டும் எப்போது உளியைப் பிடிக்கலாம்?" என்பதாகவே இருக்கிறது. அக்கேள்விக்கு விடையளிப்பதே இப்பக்கத்தின் நோக்கம். நோயாளியும் அவரைப் பராமரிப்பவரும் இதனைச் சேர்ந்து படிப்பது நல்லது.

முதலில் நினைவில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அறுவை சிகிச்சைக்குப் பின் தோல் முதலில் ஆறும்; பிடிவலிமை பின்னர் திரும்பும்; விரல்நுனியின் உணர்வு முழுமையாகத் திரும்பப் பலருக்கு அதனினும் அதிக காலம் ஆகும். தையல் பிரித்த நாளைப் பட்டறைக்குத் திரும்பும் நாளாகக் கொள்ளக் கூடாது.

மணிக்கட்டில் நிகழ்வது என்ன?

உள்ளங்கையின் அடிப்பகுதியில், மணிக்கட்டு எலும்புகளுக்கும் அவற்றின் மேலே குறுக்காக அமைந்த தடித்த நார்ப்பட்டைக்கும் இடையே ஒரு குறுகிய வழி உள்ளது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் இதன் வழியாகச் செல்கின்றன. தசைநாண்களைச் சுற்றியுள்ள உறை தடித்தாலோ வீங்கினாலோ இடம் போதாமல் நரம்பு அழுந்துகிறது. இந்நிலையை மருத்துவர்கள் கார்பல் டனல் சிண்ட்ரோம் என்று குறிப்பிடுவர்.

கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் ஒரு பாதி ஆகியவற்றில் மரத்துப்போதலும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் தோன்றும். சிறுவிரல் பொதுவாகப் பாதிக்கப்படுவதில்லை. இரவில் தூக்கத்திலிருந்து விழித்துக் கையை உதறுவது இந்நோயின் தெளிவான அடையாளங்களுள் ஒன்று. நாளடைவில் ஆணியோ திருகாணியோ விரல்களிடையே நிற்காமல் நழுவும்.

நீரிழிவு, தைராய்டு சுரப்புக் குறைவு, கருவுற்றிருத்தல், உடற்பருமன், மூட்டு அழற்சி ஆகியவை இந்நோய்க்கான வாய்ப்பை அதிகரிக்கின்றன. விசையுடன் திரும்பத் திரும்பப் பற்றும் வேலையும், அதிர்வுள்ள கருவிகளை நீண்ட நேரம் பயன்படுத்துவதும் இதனுடன் தொடர்புடையவை. எனினும் மரவேலை மட்டுமே காரணம் என்று கருதி உங்களைக் குறை கூறிக்கொள்ள வேண்டாம். பலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் இருக்கும்.

அறுவை சிகிச்சை எப்போது தேவைப்படுகிறது?

நோய் தொடக்க நிலையில் இருந்தால், இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் தாங்குபட்டையும், சிலருக்கு ஸ்டீராய்டு ஊசியும் போதுமானவை. இவற்றால் பயன் கிட்டாதபோதும், உணர்வின்மை நாள் முழுவதும் நீடிக்கும்போதும், கட்டைவிரலின் அடியில் உள்ள தசைமேடு மெலியத் தொடங்கும்போதும் அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. நரம்பு எவ்வளவு பாதிக்கப்பட்டுள்ளது என்பதை அறிய நரம்புக் கடத்தல் சோதனை செய்யப்படலாம்.

"கையில் உள்ள வேலையை முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்" என்று பல மாதங்கள் தள்ளிப்போடுவோர் உண்டு. தசை மெலிந்துவிட்ட பின் சிகிச்சை பெற்றால், இழந்த வலிமையும் உணர்வும் முழுமையாகத் திரும்பாமற் போகலாம். சில வார ஓய்வைத் தவிர்க்க முயன்று, கையின் திறனை நிலையாக இழக்கும் சூழல் ஏற்படக் கூடாது.

அறுவை சிகிச்சைக்கு முன்

மருத்துவரிடம் கூற வேண்டியவை:

• உங்களின் பழக்கமான கை வலதா இடதா என்பது.
• நீங்கள் செய்யும் மரவேலையின் தன்மை: கைக்கருவிகளா, மின்கருவிகளா, எவ்வளவு எடை தூக்குவீர்கள் என்பன.
• நீரிழிவு, இரத்த அழுத்தம், ஒவ்வாமை ஆகியவை இருப்பின் அவற்றின் விவரம்.
• உட்கொள்ளும் எல்லா மருந்துகளும். இரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். மருத்துவரின் அறிவுரைப்படியே செயல்படவும்.

இரு கைகளிலும் நோய் இருப்பின், பெரும்பாலும் ஒவ்வொரு கையாகவே சிகிச்சை செய்யப்படும். அன்றாடத் தேவைகளுக்கு ஒரு கையேனும் பயன்பட வேண்டும் என்பதே இதன் காரணம். மோதிரங்களை முன்கூட்டியே கழற்றிவிடவும். புகைப்பழக்கம் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும். அதனை நிறுத்த இது தக்க தருணம்.

அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறுவோர், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தங்களுக்குப் பொருந்துமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டறியலாம்.

பட்டறையையும் முறையாக மூடி வைக்க வேண்டும். இல்லையெனில், "ஐந்து நிமிட வேலைதான்" என்று கட்டுப் போட்ட கையுடன் உள்ளே செல்ல நேரிடும்.

• பசையிட்டு இறுக்கி வைத்த சட்டங்களை முடித்து, கிளாம்புகளைக் கழற்றி வைக்கவும். புதிய ஒட்டுவேலை எதையும் தொடங்க வேண்டாம்.
• உளி, இழைப்புளி, வாள் ஆகியவற்றில் மெல்லிய எண்ணெய் தடவி வைக்கவும். மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் இவை விரைவில் துருப்பிடிக்கும்.
• மின்கருவிகளின் இணைப்பைத் துண்டிக்கவும்.
• ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து வைக்க வேண்டாம். அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். திறந்தவெளியில் ஒவ்வொன்றாக விரித்து முழுமையாக உலர்த்தவும். அல்லது நீர் நிரப்பிய, மூடியுள்ள உலோகக் கலத்தில் இடவும்.

அறுவை சிகிச்சை நாளில்

பெரும்பாலானோருக்குக் கையை மட்டும் மரக்கச் செய்யும் ஊசி போட்டு இச்சிகிச்சை செய்யப்படுகிறது. உள்ளங்கையின் அடியில் சில சென்டிமீட்டர் நீளத்திற்குக் கீறி, நரம்பை அழுத்தும் நார்ப்பட்டை வெட்டிவிடப்படும். சில மருத்துவமனைகளில் சிறிய துளை வழியாக உள்நோக்குக் கருவியைக் கொண்டும் இதனைச் செய்வர். சிகிச்சைக்குப் பொதுவாக அரை மணி நேரத்திற்கும் குறைவாகவே ஆகும். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். நீங்களாக வண்டி ஓட்டிச் செல்ல முடியாது என்பதால் உடன் ஒருவர் வர வேண்டும்.

நோய்த்தொற்று, தழும்பில் வலி, விரல் விறைப்பு ஆகியவை ஏற்படக்கூடிய பக்கவிளைவுகள். நரம்புக் காயம் அரிதாகவே நேரும். இவற்றைப் பற்றி மருத்துவரிடம் தயங்காமல் கேட்டுத் தெளிவு பெறவும்.

கை தேறும் படிநிலைகள்

கீழ்க்காணும் கால அளவுகள் பொதுவானவை. உங்களுக்கு உரிய அளவை உங்கள் மருத்துவரே முடிவு செய்வார்.

முதல் சில நாட்கள்: வீக்கம் குறையக் கையை நெஞ்சு மட்டத்திற்கு மேலே தலையணைமீது உயர்த்தி வைக்கவும். விரல்களை ஒரு மணிக்கு ஒரு முறையேனும் மெதுவாக மடக்கி நீட்டவும். அசைக்காமல் வைத்தால் விறைத்துவிடும். இரவில் விழிக்கச் செய்த வலி பலருக்கு இந்நாட்களிலேயே குறைந்துவிடும். இந்த ஆறுதலை முழுக் குணம் என்று எண்ணிவிட வேண்டாம்.

தையல் பிரிக்கும் வரை, ஏறத்தாழ 10 முதல் 14 நாட்கள்: கட்டு நனையக் கூடாது. மரத்தூள் படியும் இடத்திற்குச் செல்ல வேண்டாம். ஒரு கையால் மின்கருவிகளை இயக்க முயல்வது மிகவும் ஆபத்தானது. மரத்தை உறுதியாகப் பிடிக்க இயலாது, கட்டின் நுனி சுழலும் பகுதியில் சிக்கக்கூடும்.

2 முதல் 6 வாரங்கள்: உண்ணுதல், எழுதுதல், சட்டைப் பொத்தான் இடுதல் போன்ற இலகுவான வேலைகளுக்குக் கையைப் பயன்படுத்தலாம். தழும்பை மெதுவாகத் தேய்த்துவிடும் முறையை மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ கற்றுக்கொள்ளவும். வரைபடம் வரைதல், அளவெடுத்தல், பென்சிலால் குறியிடுதல் ஆகியவை இக்காலத்திற்கு உகந்தவை. பலகை தூக்குதல், திருகாணி முறுக்குதல், உளி அடித்தல் ஆகியவை கூடா.

6 முதல் 12 வாரங்கள்: மருத்துவர் இசைவளித்தால், கைக்கருவிகளைச் சிறிது சிறிதாகத் தொடங்கலாம். மென்மையான மரத்தில், பத்து நிமிட அளவில் தொடங்கி, மறுநாள் வலியோ வீக்கமோ இல்லையெனில் நேரத்தைக் கூட்டவும். இழைப்புளியைத் தள்ளும்போது அதன் பின்புறம் அழுத்துவது உள்ளங்கையின் அடிப்பகுதியையே. தழும்பு இருப்பதும் அங்கேதான். ஆகவே மற்றக் கருவிகளைக் காட்டிலும் இழைப்புளிக்குத் திரும்பத் தாமதமாகலாம்.

3 மாதங்களுக்குப் பின்: பிடிவலிமை பெரும்பாலும் திரும்பியிருக்கும். உள்ளங்கை அடிப்பகுதியின் இரு ஓரங்களிலும் அழுத்தும்போது தோன்றும் வலி சிலருக்கு ஆறு மாதம் வரை நீடிக்கலாம். இது படிப்படியாகக் குறையும். நோய் முற்றிய நிலையில் சிகிச்சை பெற்றவர்களுக்கு உணர்வு திரும்ப ஓர் ஆண்டு வரை ஆகலாம்.

மின்கருவியைத் தொடும் முன்

வட்ட ரம்பம், ரூட்டர் போன்றவற்றின் அருகே விரல் எங்கே இருக்கிறது என்பதைக் கண் மட்டுமன்றி விரல்நுனியும் கூற வேண்டும். உணர்வு குறைந்த விரல், மரம் நழுவுவதைத் தாமதமாகவே அறியும். பின்வரும் எல்லாக் கேள்விகளுக்கும் "ஆம்" என்ற விடை கிடைத்த பின்னரே, அதனை மருத்துவரிடம் கூறி இசைவு பெறவும்.

• கண்களை மூடிக்கொண்டு, ஒரு நாணயத்தையும் ஒரு சட்டைப் பொத்தானையும் விரல்நுனிகளால் பிரித்தறிய முடிகிறதா?
• இறுக மூடிய பாட்டிலின் மூடியை வலியின்றித் திறக்க முடிகிறதா?
• கருவியை இரு கைகளாலும் உறுதியாகப் பிடித்து, உடனடியாக நிறுத்த முடிகிறதா?
• தூக்கம் வரச் செய்யும் வலிநிவாரணிகளை நிறுத்திவிட்டீர்களா?

தழும்பைப் பாதுகாக்கக் கையுறை அணிந்து சுழலும் கருவிகளை இயக்க வேண்டாம். கையுறை சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். இருசக்கர வாகனம் ஓட்டுவதற்கும் இதே எச்சரிக்கை தேவை: தடையைத் தயக்கமின்றி முழுவிசையுடன் பிடிக்க முடிந்த பின்னரே ஓட்டவும்.

பராமரிப்பவர்களுக்கு

வலக்கையில் கட்டு இருக்கும்போது சோறு பிசைந்து உண்பதும், குளிப்பதும், வேட்டியோ புடவையோ கட்டுவதும் கடினம். கரண்டியால் உண்ண உதவவும். குளிக்கும்போது கட்டின்மீது நெகிழிப் பையைச் சுற்றி, நுனியை இறுகாமல் கட்டவும்.

பொழுதுபோக்கை இழந்தவரின் மனச்சோர்வை எளிதாகக் கருத வேண்டாம். நாள்தோறும் சில மணி நேரம் தன் கையால் ஒன்றை உருவாக்கி வந்தவருக்கு, வெறுமனே அமர்ந்திருப்பது பெரும் சுமை. "வயதாகிவிட்டது, இனி மரவேலை எதற்கு?" என்று கூறுவது அவரைச் சோர்வடையச் செய்யும், அன்றேல், மறைவாகப் பட்டறைக்குச் செல்லத் தூண்டும். அடுத்து என்ன செய்யப்போகிறார் என்று கேளுங்கள். வரைபடத்தை உடனமர்ந்து பாருங்கள். மரக்கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ உறக்கமும் பசியும் குறைந்தாலோ மருத்துவரிடம் தெரிவிக்கவும்.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

• காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவுதல், சீழ், காய்ச்சல்
• மருந்துக்கும் கையை உயர்த்தி வைப்பதற்கும் கட்டுப்படாமல் அதிகரிக்கும் வலி
• விரல்கள் வெளுத்தல், நீலமாதல் அல்லது குளிர்ந்துபோதல்
• அழுத்திப் பிடித்தும் நிற்காத இரத்தக் கசிவு
• மரக்கச் செய்யும் ஊசியின் விளைவு நீங்கிய பின், முன்பைவிட அதிகமான உணர்வின்மை அல்லது விரலை அசைக்க இயலாமை

மீண்டும் பட்டறையில்

நோய் மீண்டும் தலைதூக்காமலிருக்கச் சில பழக்கங்கள் உதவும். கருவிகளைக் கூராக வைத்திருங்கள். மழுங்கிய உளிக்கு அதிக விசை தேவை. உளியின் பிடியை உள்ளங்கையின் அடியால் தட்டும் பழக்கம் இருப்பின் அதனைக் கைவிட்டு, கொட்டாப்புளியைப் பயன்படுத்துங்கள். மெல்லிய பிடிகளுக்குத் துணி சுற்றித் தடிமனாக்குங்கள். மரத்தைக் கையால் பிடிப்பதற்கு மாறாகக் கிளாம்பால் இறுக்குங்கள். மணிக்கட்டு வளையாதவாறு வேலைமேசையின் உயரத்தை அமையுங்கள். அதிர்வுள்ள தேய்ப்புக் கருவிகளை இடைவெளி விட்டுப் பயன்படுத்துங்கள்.

மரத்தை நன்கு உலரவிட்ட பின்னரே வேலைக்கு எடுக்க வேண்டும் என்பதை மரவேலை செய்பவர் எவரும் அறிவர். ஈரம் காயாத பலகையில் செய்த கதவு பின்னர் முறுக்கிக்கொள்ளும். உங்கள் கைக்கும் அதே பொறுமையை அளியுங்கள்.

மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணையும், அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணையும் அழைக்கலாம். இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்களே. இவை உங்கள் மருத்துவரின் அறிவுரைக்கு மாற்றாகா.