நாணயத்தைத் தேய்க்கலாமா?

பொங்கல் நெருங்கிவிட்டால் நம் வீட்டு முற்றங்களில் பித்தளைக் குடமும் குத்துவிளக்கும் செம்புப் பாத்திரங்களும் வந்து குவியும். புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்ததும் அவை புதியன போல மின்னும். பள்ளியில் படித்த நாளில், அப்படியொரு பொங்கலுக்கு முதல்நாள், என் அம்மிச்சியின் பெட்டியிலிருந்த ஒரு வெள்ளி ரூபாயையும் நான் தேய்த்துவிட்டேன். விக்டோரியா அரசியின் தலையும் மறுபுறம் 1862 என்ற ஆண்டும் பொறித்த காசு அது. கருநீலம் பாரித்துக் கிடந்தது, சில நிமிடங்களில் பளபளவென்று ஆயிற்று. எனக்கு ஒரே மகிழ்ச்சி.

பல ஆண்டுகளுக்குப் பின் கோவையில் நாணயம் சேர்க்கும் பெரியவர் ஒருவரிடம் அதைக் காட்டினேன். உருப்பெருக்குக் கண்ணாடியில் ஒரு கணம் பார்த்தார். "இதெ யாருங்க தேச்சது?" என்று கேட்டுக் காசைத் திருப்பித் தந்துவிட்டார். நான் செய்த தவறுதான் என்ன? உங்கள் வீட்டிலும் பழங்காசுகள் இருக்கலாம். ஆகவே இதை நீங்களும் அறிந்துகொள்வது நல்லது.

அழுக்கு வேறு, கறுப்பு வேறு

அழுக்கு என்பது வெளியிலிருந்து வந்து பொருளின்மேல் ஒட்டிக்கொள்வது. வெள்ளிக் காசின் கறுப்பு அத்தகையதன்று. காற்றில் மிகச் சிறிதளவு ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு இருக்கிறது. சாக்கடையிலிருந்தும் அழுகும் பொருள்களிலிருந்தும் அது வெளிப்படுகிறது. இவ்வாயுவும் ஆக்சிஜனும் சேர்ந்து காசின் மேற்பரப்பிலுள்ள வெள்ளியை வெள்ளி சல்ஃபைடாக மாற்றுகின்றன. அதாவது, வெள்ளியே கறுப்பாகிவிடுகிறது. அந்தக் கறுப்பைச் சுரண்டினால் காசின் தோலையே உரிக்கிறோம் என்று பொருள்.

காசில் கண்ட நீலம் எப்படி வந்தது? மழைநீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தில் வானவில் நிறங்களைப் பார்த்திருப்பீர்கள். படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று சேரும்போது சில நிறங்கள் மங்கும், சில நிறங்கள் ஓங்கும். இதுவே ஒளியின் குறுக்கீட்டு விளைவு. சல்ஃபைடுப் படலம் தடிக்கத் தடிக்கக் காசு முதலில் மஞ்சளாகவும் பிறகு செம்மையாகவும் நீலமாகவும் தோன்றி, முடிவில் கறுக்கிறது. நிறம் தோன்றும் பருவத்தில் படலத்தின் தடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான்.

இவ்வளவு மெல்லிய படலம் போவதால் என்ன குறைந்துவிடும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. படலத்தோடு வேறொன்றும் போய்விடுகிறது என்பதுதான் விடை.

ஆரக்கால் ஒளி

அச்சுகளுக்கிடையே வெள்ளி வில்லையை வைத்து ஓங்கி அழுத்தும்போது, உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்கிறது. இதனால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகள் காசின் பரப்பில் உண்டாகின்றன. புதிய காசைச் சற்றே சாய்த்துச் சுழற்றினால், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல ஒளிக்கீற்றுகள் சுற்றி வருவது இவ்வரிகளால்தான். சாம்பலிலுள்ள மணற்சத்துத் துகள்கள் வெள்ளியைவிடக் கடினமானவை. அவை இவ்வரிகளை அழித்து, தாறுமாறான கீறல்களை விட்டுச் செல்கின்றன. தேய்த்த காசும் மின்னத்தான் செய்யும், ஆனால் அது பாத்திரத்தின் மினுக்கு. என் ரூபாயில் அந்தப் பெரியவர் கண்டது இதைத்தான். இழந்த வரிகளை எந்த மெருகாலும் மீட்க முடியாது.

கடைகளில் விற்கும் மெருகுத் திரவங்கள் தேய்க்காமலே கறுப்பைக் கரைக்கும். ஆனால் கரைந்து போவதில் காசின் வெள்ளியும் அடக்கம். சுடுநீரில் சமையல் சோடாவைக் கரைத்து, அலுமினியத் தாளின்மேல் காசை வைக்கும் முறையும் உண்டு. அலுமினியம் எலெக்ட்ரான்களைத் தர, சல்ஃபைடு மீண்டும் வெள்ளியாகிறது. வகுப்பறைக்கு அழகான சோதனை! எனினும், திரும்பிய வெள்ளி பழைய வரிசையில் அமர்வதில்லை, சொரசொரப்பாகப் படிகிறது. கரண்டிக்கு இது பொருந்தும், சேகரிப்புக் காசுக்குப் பொருந்தாது.

களிம்புக்குள் எழுத்து

விக்டோரியா ரூபாய் ஒன்று கெட்டால் வேறொன்று கிடைக்கும். கொங்கு மண்ணில் கிடைக்கும் பழங்காசுகளின் கதை வேறு. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842-இல் 500-க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. 1891-இலும் 1931-இலும் அங்கேயே மேலும் காசுகள் கிடைத்தன. கரூர் அமராவதி ஆற்றுப்படுகையிலோ, வில்லும் அம்பும் பொறித்த சேரர் செப்புக்காசுகளும், தலையுருவத்தோடு 'மாக்கோதை' என்று தமிழ் பிராமியில் பொறித்த வெள்ளிக் காசும் கிடைத்துள்ளன. நான்கே எழுத்துகள்! அவை தேய்ந்து போயிருந்தால் அது யார் காசு என்று எப்படி அறிந்திருப்போம்?

உயிரோடு ஒட்டிய மலத்துக்குச் சைவ சித்தாந்திகள் செம்பின் களிம்பை உவமை கூறுவர். வேதியியலின்படி, களிம்பு செம்போடு பிறந்ததன்று. ஈரமும் காற்றும் மண்ணின் உப்புகளும் செம்போடு கூடுவதால் விளைவது. நூற்றாண்டுகளாகப் புதைந்திருந்த செப்புக்காசில் மேற்பரப்பு முழுவதுமே செந்நிற ஆக்சைடாகவும் பச்சைக் கார்பனேட்டாகவும் மாறியிருக்கும். அச்சு பதித்த எழுத்தின் வடிவம் பெரும்பாலும் அந்த அடுக்கிலேயே தங்கியிருக்கிறது, உள்ளே எஞ்சிய செம்பில் அன்று. புளியின் அமிலம் அந்த அடுக்கைக் கரைத்துவிட்டால், கையில் மிஞ்சுவது குழிவிழுந்த செப்புத் துண்டுதான். காசு சுத்தமாகிவிடும், எழுத்து இருக்காது.

எப்போது தலையிட வேண்டும்?

எல்லாக் களிம்பும் காப்பதில்லை. கெட்டியாக, வழவழப்பாக ஒட்டியிருக்கும் பச்சை காசுக்குக் கவசம். வெளிர்ப்பச்சை நிறத்தில் மாவுபோல உதிரும் புள்ளிகள் நோயின் அறிகுறி. மண்ணின் உப்பிலிருந்து வந்த குளோரைடு, ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து அமிலத்தை உண்டாக்கும். அமிலம் செம்பை அரிக்கும், அதனால் மீண்டும் குளோரைடு விளையும். இந்தச் சுழல் நில்லாது. இத்தகைய காசை உலர்வாக வைத்து, வல்லுநரிடம் ஒப்படைப்பதே முறை. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் இதற்கெனவே 1930-இல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கப்பட்டது. கோவை, கரூர் அரசு அருங்காட்சியகங்களிலும் ஆலோசனை கேட்கலாம்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. காசை விளிம்பைப் பிடித்தே எடுங்கள், வியர்வையின் உப்பு விரல்ரேகையாகப் பதிந்துவிடும். தளர்வான மண்ணைப் போக்க, காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி உலர்த்துங்கள். ரப்பர் வளையத்தில் கந்தகம் உண்டு, அதனால் கட்டாதீர்கள். மிருதுவான பி.வி.சி. உறைகள் நாளடைவில் அமிலத்தைக் கசியவிடும், அவற்றையும் தவிருங்கள். அமிலமற்ற காகித உறையும், டப்பாவில் சிறிது சிலிக்கா ஜெல்லும் போதும்.

தோட்டத்தை உழும்போதோ கிணறு வெட்டும்போதோ காசுகள் கிடைத்தால், 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டும்போது மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கிடைத்த நிலையிலேயே, மண்ணோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

என் அம்மிச்சியின் ரூபாயை இன்றும் வைத்திருக்கிறேன். மெல்ல மெல்ல அது மறுபடியும் மஞ்சள் பூத்து வருகிறது. இம்முறை நான் அதைத் தொடுவதாக இல்லை.