மதகடியில் ஒரு முறையீடு

திருக்கழுக்குன்றத்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அவருடைய அம்மாவுக்கு அட்டெனலால் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. "கிட்னியைக் கெடுத்துவிடும்" என்று யாரோ சொல்ல, நான்கு நாளாக அம்மா போடவில்லையாம். இதய மாத்திரைக்குச் சிறுநீரகத்தில் என்ன வேலை என்று கேட்கிறார்.

அட்டெனலால், பீட்டா தடுப்பான் வகை. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, அட்ரினலின் உட்காரும் இடங்களில் முந்திக்கொள்ளும். இதயத்துடிப்பு நிதானமாகும். 1964இல் இதே வகை மருந்தான புரோப்ரனலாலைக் கொண்டுவந்த ஜேம்ஸ் பிளாக், இதயத்துக்குக் கூடுதல் ரத்தம் தேடுவதைவிட அதன் சுமையைக் குறைப்பதே வழி என்று நினைத்தவர். 1988இல் நோபல் பரிசு பெற்றார்.

எனக்கு அதைவிட வியப்பு, அதே இருக்கை சிறுநீரகத்திலும் இருப்பது. இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து 300 கிராம் தேறும். இதயம் நிமிடத்துக்குத் தள்ளும் 5 லிட்டரில் 1 லிட்டர் அவற்றுக்கே போகிறது. மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் வளர்ந்தவன் நான். கடைமடையில் தண்ணீர் குறைந்தால் தாத்தா மண்வெட்டியோடு மதகுக்கே போய் முறையிடுவார். சிறுநீரகத்தின் முறையீடு, ரெனின். அது சுரந்தால் ரத்தக்குழாய்கள் இறுகும், உப்பும் நீரும் உடம்பில் தங்கும், அழுத்தம் ஏறும். ரெனின் சுரக்கும் செல்களிலும் பீட்டா தடுப்பான் துண்டு போட்டுவிடுகிறது. முறையீடு தணிகிறது.

அப்படியானால் கடைமடை காயாதா? சிறுநீரகம் தன் வாய்க்கால் வாயைத் தானே அகட்டிச் சுருக்கி வரத்தைச் சமாளித்துக்கொள்ளும். இவ்வகையில் சில மருந்துகள் வரத்தைச் சற்றுக் குறைத்தாலும், நல்ல சிறுநீரகம் அதனால் கெடுவதில்லை. கவனம் வேண்டியது மறுபக்கம். அட்டெனலால் பெரும்பாலும் சிறுநீரில்தான் வெளியேறும். சிறுநீரகம் முன்பே தளர்ந்திருந்தால் மருந்து உடம்பில் தேங்கி, துடிப்பு அளவுமீறிக் குறையலாம். அப்போது மருத்துவர் அளவைக் குறைப்பார், அல்லது கல்லீரலில் சிதையும் மெட்டோப்ரலாலுக்கு மாற்றுவார்.

வாய்க்கால் வாயை அகட்டும் அந்தத் திறனையே முடக்குபவை வேறு: டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள். தேவனேரியில் வலை இழுப்பவரும், மாமல்லபுரம் பட்டறையில் கல் செதுக்குபவரும், வெயிலில் உடம்பு நீர் வற்றிய நிலையில், சீட்டே இல்லாமல் கடையில் வாங்கி விழுங்குகிறார்கள். கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அம்மா சட்டென்று நிறுத்தியதும் ஆபத்து. மாத்திரை போட்ட காலத்தில் இதயம் புது இருக்கைகளை முளைக்க வைத்திருக்கும். துண்டை எடுத்ததும் அத்தனையிலும் அட்ரினலின் உட்காரும். படபடப்பு, நெஞ்சுவலி, சிலருக்கு மாரடைப்பே வரலாம்.

இன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நிறுத்தி நான்கு நாளானதைச் சொல்லுங்கள், சிறுநீரகத்தின் நிலை அறிய கிரியேட்டினின் பார்க்கச் சொல்லுங்கள். முட்டிவலிக்கு அம்மா என்ன மாத்திரை போடுகிறார் என்று அவருடைய சுருக்குப்பையிலும் பாருங்கள்.