வைஃபைக்கு ஒரு பூட்டு போடுங்க பாஸ்!

செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்குப் போனா, ‘‘நெட்டு ஆமை மாதிரி நகருதுடா’’ன்னு அப்பா புலம்பல். ரவுட்டர் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். எங்க வீட்டுல இருக்குறது நாலு போன். லிஸ்ட்டுல இருந்தது பதினொண்ணு! பாஸ்வேர்டு? கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர் வெச்சுட்டுப் போன அப்பாவோட மொபைல் நம்பர். அது தெருவுக்கே தெரியுமே!

‘ஓசி நெட்டுதானே, போகட்டும்’னு விடாதீங்க ஃப்ரெண்ட்ஸ். 2008 ஜூலை 26-ல் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன்னால், மீடியாக்களுக்கு ஒரு மிரட்டல் மெயில் போனது. ஐ.பி. முகவரியைப் பிடித்துப் போன போலீஸ் போய் நின்ற இடம், நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் வீடு. பூட்டாமல் கிடந்த அவரோட வைஃபையில் வேறு யாரோ புகுந்து அனுப்பிய மெயில் அது. விசாரணையில் மாட்டி அல்லாடியதோ அவர்! உங்க வைஃபையில் யார் நுழைந்தாலும், வெளியே தெரியுறது உங்க வீட்டு முகவரிதான்.

பூட்டு போட கால் மணி நேரம் போதும். பிரௌசரில் 192.168.1.1 என அடியுங்க (சரியான எண் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்).

* முதலில் அட்மின் பாஸ்வேர்டை மாத்துங்க. 2016-ல் ‘மிராய்’ வைரஸ் லட்சக்கணக்கான கேமரா, ரவுட்டர்களை வளைத்தது, கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை யாருமே மாத்தாததாலதான்.

* செக்யூரிட்டியில் டபிள்யூ.பி.ஏ-3 இருந்தா அது, இல்லைன்னா டபிள்யூ.பி.ஏ-2. பழைய ‘வெப்’ பக்கமே போகாதீங்க. அதன் ஓட்டை 2001-லேயே அம்பலம்.

* வைஃபை பாஸ்வேர்டில் 63 எழுத்து வரைக்கும் இடம் உண்டு. சம்பந்தமே இல்லாத நாலு தமிழ் வார்த்தைகளை இங்கிலீஷ் எழுத்தில் சேர்த்து அடியுங்க. உங்களுக்கு மறக்காது, அடுத்தவருக்குப் பிடிபடாது.

* டபிள்யூ.பி.எஸ்-ஐ ஆஃப் பண்ணுங்க. அதன் எட்டு இலக்க பின் நம்பரை ரவுட்டர் ரெண்டு பாதியாகச் சரிபார்க்கும். அதனால 11,000 முயற்சிக்குள் உடைச்சுடலாம்னு 2011-லேயே காட்டிட்டாங்க.

* சாஃப்ட்வேர் அப்டேட் வந்தா தள்ளிப் போடாதீங்க. விருந்தாளிகளுக்கு ‘கெஸ்ட் நெட்வொர்க்’ தனியா கொடுங்க.

எல்லாம் முடிச்சு ரவுட்டரை ரீஸ்டார்ட் பண்ணினேன். பத்தாவது நிமிஷம் காலிங் பெல். வாசலில் மாடி வீட்டு ஆன்ட்டி... ‘‘ஏம்ப்பா, உங்க வீட்டுல நெட்டு ரிப்பேரா?’’